வெட்டுகிறோம், நடுகிறோமா? மைன்கிராஃப்டில் தோப்பு போடுவது பற்றி

தோப்புக்காரன்

எல்லாமே பிளாக் என்ற கனசதுரங்களால் ஆன கணினி ஆட்டம் மைன்கிராஃப்ட். எங்கள் சர்வரில் ஆறு பேர் ஆடுகிறோம். மூன்று மாதமாக ஒரே உலகம், சர்வைவல் முறை, அதாவது எல்லாப் பொருளையும் நாமே தேடிச் சேர்க்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் வந்து இறங்கிய இடத்தைச் சுற்றி அடர்த்தியான ஓக் காடு இருந்தது, நடுநடுவே பிர்ச். அப்புறம் அவரவர் வீட்டைத் தூரத்தில் கட்டிக்கொண்டு போய்விட்டோம். நேற்று ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

ஒவ்வொரு மரத்தின் தண்டிலும் கைக்கு எட்டிய மூன்று நான்கு கட்டைகளை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறோம். மேலே மிச்சமிருக்கும் ஒரு கட்டையும் அதைச் சுற்றிய இலைக்கொத்தும் அப்படியே அந்தரத்தில் நிற்கின்றன. குன்று முழுக்க இப்படி முப்பது நாற்பது. இந்த ஆட்டத்தில் ஆதரவு போனால் மணல், சரளை மாதிரி சிலதுதான் விழும், மரம் விழாது. அந்த ஒற்றைக் கட்டை இருக்கும் வரை ஆறு பிளாக் தூரத்துக்குள் அதோடு தொடர்பில் இருக்கும் இலைகள் உதிராது. இலை உதிராவிட்டால் கன்றும் விழாது. ஆக, பாதி வெட்டிவிட்டுப் போன ஒவ்வொரு மரமும் தன் பிள்ளையையும் மேலேயே பிடித்துவைத்துக்கொண்டு நிற்கிறது.

எனக்குக் கூரைக்கு மரம் வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 900 பிளாக் நடந்துபோய்த்தான் முழுக்காடு ஒன்றைப் பார்த்தேன். திரும்பும்போது இருட்டிவிட்டது, வழியில் ஒரு கிரீப்பர், பக்கத்தில் வந்து வெடிக்கும் அரக்கன். கொண்டுவந்த கட்டைகளில் பாதி அங்கேயே போயிற்று.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இனி காடு தேடிப் போவதில்லை, வீட்டுக்குப் பின்னால் தோப்பு போடப்போகிறேன். அந்தக் குன்றையும் பழையபடி ஆக்க வேண்டும். எந்த மரம் வைக்கலாம், எவ்வளவு இடைவெளி, எப்படி வெட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நாங்கள் ஆடுவது கணினிக்கான ஜாவா பதிப்பு.

ஊர்சுற்றி

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இதன் தேவை புரியவில்லை. உலகம் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஏறக்குறைய ஆறு கோடி பிளாக். நீங்கள் ஆறு பேர் ஆயுசு முழுக்க வெட்டினாலும் காடு தீராது. நான் எப்போதும் ஒரு குதிரையும் இரண்டு கோடாலியும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். போகிற வழியில் கிராமம் தட்டுப்படும், குகை தட்டுப்படும். நட்டுவிட்டுக் காத்திருப்பது எனக்குச் சரிப்படாது.

தோப்புக்காரன்

@ஊர்சுற்றி, சுற்றுவது உங்களுக்குப் பிடித்த விஷயம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாதி வேலையில் பலகை தீர்ந்து நிற்கிறவனுக்கு ஆறு கோடி பிளாக் அகல உலகம் எதற்கு? வாசலிலிருந்து பத்து அடி தள்ளி மரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. தனியாக ஆடும்போது காடு உங்களுடையது. ஆறு பேர் சேர்ந்து ஆடினால் முதல் குன்று எல்லோருக்கும் பொது. நாளைக்குப் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் அவர் முதலில் பார்க்கப்போவது அந்த மொட்டைக் குன்றைத்தான்.

வெள்ளைத்தண்டு

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் பிர்ச். யோசிக்கவே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். ஓக் மரம் சாதாரணமாக 4 முதல் 6 கட்டை உயரம் வரும். ஆனால் பத்தில் ஒன்று பெரிய ஓக்காகக் கிளைவிட்டு வளர்ந்துவிடும். அந்தக் கிளைக்குள் கட்டை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி ஏணி போட்டு ஏற வேண்டும். பிர்ச் கிளை விடாது. 5, 6 அல்லது 7 கட்டை, நேர்த்தண்டு.

வெட்டும் முறை இது. மரத்துக்கு எதிரே நின்று கீழிருந்து முதல் இரண்டு கட்டைகளை எடுங்கள். அந்த இடத்துக்குள், அதாவது மரம் நின்ற அதே குழியில், நீங்கள் போய் நில்லுங்கள். இப்போது நேர் மேலே அண்ணாந்து பார்த்து அடித்துக்கொண்டே இருங்கள். நம் கண் தரையிலிருந்து 1.62 பிளாக் உயரம், கை எட்டுவது 4.5 பிளாக். இரண்டையும் கூட்டினால் 6.12. ஏழாவது கட்டையின் அடிப்பாகம் தரையிலிருந்து சரியாக 6 பிளாக் உயரத்தில் இருக்கிறது. நூலிழையில் எட்டிவிடும்! ஏறவும் வேண்டாம், மண்ணை அடுக்கவும் வேண்டாம், ஒரு கட்டைகூட மேலே தங்காது. கட்டைகள் தலைமேலேயே விழுவதால் பொறுக்கவும் அலைய வேண்டியதில்லை.

முடித்ததும் பின்னால் ஒரு அடி மட்டும் வைத்து அதே குழியில் கன்றை நட்டுவிடுங்கள். எனக்கு இது கையிலேயே ஊறிவிட்டது. திரையின் கீழுள்ள பொருள் வரிசையில் கோடாலி முதல் கட்டத்தில், கன்று இரண்டாவது கட்டத்தில். வெட்டி, நட்டு, அடுத்த மரம்.

இடைவெளிக்கு நான் மூன்று பிளாக் விடுவேன். அதைவிட நெருக்கினாலும் வளரும், ஆனால் இலை பின்னிக்கொண்டு பகலிலேயே கீழே இருட்டாகிவிடும்.

புதுக்கன்று

வணக்கம், நான் ஆட ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது. இங்கே கேட்கலாமா என்று தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். டார்க் ஓக் பலகையின் நிறம் பிடித்துப்போய் ஒரு கன்று கொண்டுவந்து வீட்டு வாசலில் நட்டேன். நான்கு நாள் ஆகிவிட்டது. தினமும் படுத்து எழுந்து பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது. போன் மீல், அதாவது எலும்புத்தூள் உரம், பதினொன்று போட்டுவிட்டேன். தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டுமா?

நொடிக்கணக்கன்

@புதுக்கன்று, தாராளமாகக் கேளுங்கள். உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது, இரண்டும் பலருக்கும் குழப்பம் தருபவை.

முதலாவது, டார்க் ஓக் ஒற்றைக் கன்றாக வளரவே வளராது. நான்கு கன்றுகளைச் சதுரமாக, இரண்டுக்கு இரண்டாக, ஒட்டி நட வேண்டும். 2024 டிசம்பரில் வந்த பேல் ஓக்குக்கும் இதே விதிதான். தனிக்கன்றுக்கு எத்தனை போன் மீல் போட்டாலும் வீண். ஸ்ப்ரூஸும் ஜங்கிளும் ஒன்றாகவும் வளரும், நான்காகவும் வளரும்; நான்காக நட்டால் பெரிய மரம். தண்ணீர் எந்த மரத்துக்கும் தேவையில்லை. மாங்குரோவ் கன்று மட்டும் தண்ணீருக்குள் நட்டாலும் பிழைக்கும்.

இரண்டாவது, படுத்து எழுந்தால் மரம் வளராது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தோப்பு போடுகிறவர்களுக்கு இதுதான் அடிப்படை.

ஆட்டம் நொடிக்கு 20 டிக், அதாவது 20 துடிப்பு, ஓடுகிறது. ஒவ்வொரு டிக்கிலும், ஒவ்வொரு 16×16×16 பகுதியிலும், மூன்று பிளாக்குகளைக் குத்துமதிப்பாகத் தொட்டுப் பார்க்கிறது. ஒரு பகுதியில் 4096 பிளாக். ஆக, உங்கள் கன்றின் முறை சராசரியாக 68 நொடிக்கு ஒருதரம் வரும். முறை வந்ததும் வளர்ந்துவிடாது. வெளிச்சம் 9 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஏழில் ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பு இரண்டு தடவை வாய்க்க வேண்டும். முதல் தடவை உள்ளுக்குள் ஒரு படி ஏறும், கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் தடவைதான் மரம். 68 × 7 × 2 என்று பெருக்கினால் 952 நொடி, அதாவது சுமார் 16 நிமிடம். இது சராசரி. மூன்று நிமிடத்தில் வளர்வதும் உண்டு, முக்கால் மணி நேரம் இழுப்பதும் உண்டு.

நீங்கள் படுக்கும்போது கடிகாரம் மட்டும்தான் காலைக்குத் தாவுகிறது. நடுவில் ஓடியிருக்க வேண்டிய டிக்குகள் ஓடவே இல்லை. நீங்கள் முழித்திருந்து பக்கத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தால்தான் மரத்துக்கும் நேரம் நகரும். பக்கத்தில் என்றால் நூற்றுச் சொச்சம் பிளாக்குக்குள். கன்றை நட்டுவிட்டு 900 பிளாக் தள்ளிப்போய்ச் சுரங்கம் தோண்டினால் திரும்பி வரும்போது கன்று கன்றாகவே நிற்கும்.

அப்புறம் டார்ச். திறந்தவெளியில் இரவு வெளிச்சம் 9-க்கும் கீழே போய்விடுவதால் கன்று இரவு முழுக்கச் சும்மா நிற்கும். நான்கு பிளாக்குக்குள் தரையில் ஒரு டார்ச் வைத்தால் இரவிலும் வளரும், தோப்புக்குள் கிரீப்பரும் முளைக்காது. டார்ச்சைத் தரையிலேயே வையுங்கள். வேலிக்கம்பத்தின் மேலே கன்றை ஒட்டி வைத்தால் தண்டு எழும்பும் இடத்தை அது மறித்துவிடும்.

போன் மீல் வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. ஒரு தடவை போட்டால் 45% வாய்ப்பு, அதிலும் இரண்டு படி. ஒரு கன்றுக்குச் சராசரியாக நான்கு அல்லது ஐந்து செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவை ஜாவா பதிப்பின் கணக்குகள். கைபேசியில் ஆடுகிறீர்கள் என்றால் எண்களில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். நான்கு கன்று விதி அங்கேயும் அப்படியேதான்.

புதுக்கன்று

மிக்க நன்றி அண்ணா. இன்னும் மூன்று கன்று தேடிக் கொண்டுவந்து சதுரமாக வைத்தேன். ஆறாவது போன் மீலில் மரம் வந்துவிட்டது. வாசல் கதவையே மறைக்கிற அளவுக்குப் பெரிய இலைக்குடை. இதை வெட்ட மாட்டேன், வீட்டைத் தள்ளிக் கட்டிக்கொள்கிறேன்.

கூம்புக்காடு

பிர்ச் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய கட்டுமானம் செய்பவர்கள் ஸ்ப்ரூஸைத் தவிர வேறு எதையும் நினைக்கவே கூடாது என்பது என் கட்சி. நான்கு கன்று, சதுரமாக. ஒரே மரத்தில் நூறு கட்டைகூடக் கிடைக்கும். 25 பிளாக் உயரம் வந்தால் நான்கு தண்டும் சேர்த்து நூறு; இன்னும் உயரமாகவும் வளர்வதுண்டு. கட்டையெல்லாம் நடுத்தண்டிலேயே இருக்கும், கிளையில் தேட வேண்டியதில்லை.

வெட்டுவதற்கு மரத்துக்குள்ளேயே சுழற்படி போட்டு ஏற வேண்டும். தூரின் ஒரு மூலையில் கட்டையை எடுத்து உள்ளே நுழையுங்கள். அடுத்த மூலையில் ஒரு கட்டையைப் படியாக விட்டு அதற்கு மேலே மூன்றை எடுங்கள். அதில் ஏறி நின்று அதற்கடுத்த மூலையில் ஒரு பிளாக் உயர்த்தி அதேபோல. நான்கு மூலையும் ஒரு சுற்று முடிந்தால் நான்கு பிளாக் ஏறியிருப்பீர்கள். உச்சி வரை இப்படியே. உச்சியில் இலையைக் கொஞ்சம் விலக்கினால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். எனக்கு அந்த நிமிடம் ரொம்பப் பிடிக்கும், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். இறங்கும்போது படியாக விட்டுவந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால் தரையைத் தொடும்போது மரமே இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பெரிய ஸ்ப்ரூஸ் வளரும்போது தன்னைச் சுற்றியுள்ள புல்தரையைப் பாட்சோல் என்ற பழுப்பு மண்ணாக மாற்றிவிடும். பச்சைப்பசேல் என்ற முற்றம் வேண்டும் என்பவர்கள் வீட்டை ஒட்டி நட வேண்டாம். எனக்கு அந்தப் பழுப்பு நிறம் பிடிக்கும். காளான் வைக்கவும் அது நல்ல மண்.

கோடாலிக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புக் கோடாலி 250 அடி தாங்கும், அதாவது இரண்டு பெரிய மரம், கொஞ்சம் மிச்சம். கல் கோடாலி 131. வைரம் என்றால் 1561. வெறுங்கையால் ஒரு கட்டைக்கு மூன்று நொடி ஆகும். இரும்பால் அரை நொடி.

ஊர்சுற்றி

இங்கே எழுதியிருப்பதையெல்லாம் படித்த பிறகு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நூறு கட்டைக்காக நான் போன வாரம் செலவழித்தது ஒரு மணி நேரம். @கூம்புக்காடு சொல்கிற கணக்கில் அது ஒரே மரம்.

ஆனால் என் அனுபவத்தில் ஜங்கிள் மரம் இந்தக் கணக்குக்கு வருவதில்லை. ஆறு கன்றோடு ஆரம்பித்தேன், தனித்தனியாக நட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் கன்று குறைந்துகொண்டே வந்து கடைசியில் கையில் ஒன்று. நட்டு வளர்க்கும் ஆசையே அதோடு போயிற்று.

இலைபொறுக்கி

@ஊர்சுற்றி, நீங்கள் தவறாக ஒன்றும் செய்யவில்லை. ஆட்டத்தின் விதியே அப்படி. மற்ற மரங்களில் ஒரு இலை உதிர்ந்தால் கன்று விழும் வாய்ப்பு 5%, இருபதில் ஒன்று. ஜங்கிளில் அது 2.5%, நாற்பதில் ஒன்று. சின்ன ஜங்கிள் மரத்தில் இருக்கும் இலைக்கு ஒரு கன்று கிடைத்தாலே பெரிது, சில மரத்தில் ஒன்றுமே கிடைக்காது.

இதற்கு மருந்து களைக்கொத்து. 1.16 பதிப்பிலிருந்து இலையைச் சீக்கிரம் உடைக்கும் கருவி அதுதான். அதன்மேல் ஃபார்ச்சூன் 3 மந்திரம் ஏற்றிவிட்டால் சாதாரண மரத்தில் கன்று வாய்ப்பு 10% ஆகும். ஜங்கிளில் 24-இல் ஒன்று. தானாக உதிரும் இலைக்கு இந்த மந்திரம் பலிக்காது, நீங்களே அந்தக் களைக்கொத்தால் உடைக்க வேண்டும். அதனால் மரத்தை வெட்டும் முன்பே இலையை முடித்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் இலைதான் வரும், கன்று வராது. இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

கன்று பத்தாகும் வரை ஒரு கட்டைகூட வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள். அதற்கப்புறம் நான்கு நான்காகப் பெரிய மரம். அதில் இலை ஏராளம், கன்றும் திரும்பிவிடும். தண்டில் கொடி படர்வதால் ஏறவும் வசதி.

உதிர்ந்த கன்றை ஐந்து நிமிடத்துக்குள் பொறுக்கிவிட வேண்டும், அப்புறம் மறைந்துவிடும். தோப்பில் வெட்டி முடித்தவுடன் உலைப்பக்கம் போய்விடாமல் இலை உதிரும் வரை அங்கேயே உலாவுங்கள். ஒரு இலைக்கும் அதே 68 நொடிதான் சராசரி, ஆனால் கடைசி நாலைந்து இலை ரொம்பப் பிடிவாதம் பிடிக்கும்.

பிர்ச்சில் நேர்மாறான சிக்கல். கன்று குவிந்துவிடும். மிஞ்சியதைக் கம்போஸ்டர் என்ற உரப்பெட்டியில் போடுங்கள். ஒரு போன் மீலுக்கு இருபது கன்று போல ஆகும், ஆனால் பெட்டியை அடைத்துக்கொண்டு கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கரிமூட்டம்

தோப்பின் இன்னொரு பயனை யாரும் சொல்லவில்லை. கரி. கட்டையை உலையில் வைத்தால் கரி கிடைக்கும். ஒரு கரி எட்டுப் பொருள்களைச் சுடும். அதாவது ஒரு கரியை வைத்து எட்டுக் கட்டையைச் சுட்டால் எட்டுக் கரி. போட்டதைக் கழித்தால் ஏழு லாபம். நிலக்கரிக்காக இதுவரை நான் தனியாகத் தோண்டியதே இல்லை. டார்ச், சமையல், இரும்பு உருக்குவது, எல்லாமே மரக்கரியில்தான். கட்டையை அப்படியே எரித்தால் ஒன்றரைப் பொருள்தான் சுடும். தயவுசெய்து அப்படி வீணாக்காதீர்கள்.

நெருப்பு பற்றியும் சொல்ல வேண்டும், இதை நான் இழந்து கற்றுக்கொண்டேன். என் கரிக்கொட்டகையில் அழகுக்காக நெதர்ராக் என்ற, தீ அணையாமல் எரியும் கல்லில் தீ மூட்டி வைத்திருந்தேன். பக்கத்திலேயே ஓக் தோப்பு. தீ பக்கவாட்டில் ஒரு பிளாக், மேலே நான்கு பிளாக் வரை தாவும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கூரைக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு இலைக்கொத்தில் பிடித்தது. நான் சுரங்கத்திலிருந்து மேலே வந்தபோது 18 மரத்தில் நான்குதான் மிச்சம். புகைபோக்கி என்ற பெயரில் தீ வைப்பவர்கள் தோப்பை நன்றாகத் தள்ளி வையுங்கள். எரிமலைக்குழம்பு இன்னும் மோசம்.

பிஸ்டன்_பிரியன்

எல்லோரும் கையால் வெட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இயந்திரங்களை ஓட்டும், மின்சாரம் மாதிரியான ரெட்ஸ்டோன் எதற்கு இருக்கிறது? என்னிடம் இருக்கும் இயந்திரத்தில் நான் ஒரே இடத்தில் நின்று கன்றை நட்டுக்கொண்டே இருப்பேன். டிஸ்பென்சர் என்ற தானியங்கிப் பெட்டி போன் மீல் போடும், மரம் எழும்பியதும் பிஸ்டன் தண்டைத் தள்ளும், வழியில் இருக்கும் இலை உடைந்துவிடும், கட்டைகள் வரிசையாக வெளியே வந்து நிற்கும். ஒரு பிஸ்டன் 12 பிளாக் வரை தள்ளும், அதனால் தண்டு நீளம் பிரச்சினை இல்லை. கன்று நடுவதை மட்டும் டிஸ்பென்சர் செய்யாது, அது நம் கை வேலை.

டிஎன்டி வைத்து வெடித்து எடுக்கும் இயந்திரங்களும் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டிஎன்டியை நகலெடுக்கும் ஒரு வழுவை நம்பி ஓடுகின்றன. பல சர்வர்களில் அது அடைக்கப்பட்டிருக்கும். கட்டும் முன் சர்வர் நடத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோப்புக்காரன்

@பிஸ்டன்_பிரியன், உங்கள் இயந்திரத்தின் திறமையை மதிக்கிறேன். ஆனால் அதற்குப் போன் மீல் கொட்ட வேண்டும்; எலும்புக்குத் தனிப் பண்ணை வேண்டும். ஒரு எலும்புக்கு மூன்று போன் மீல். ஒரு கன்றுக்கு நான்கு ஐந்து. கோட்டை கட்டுகிறவருக்குச் சரி. ஆறு பேர் வீடு கட்டி ஆடுகிற எங்களுக்கு அது தேவையில்லை. தவிர, நான் தோப்புக்குள் நடக்கவும் ஆசைப்படுகிறேன். இயந்திரத்துக்குள் நடக்க முடியாது.

பிஸ்டன்_பிரியன்

அந்தக் கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எலும்புப் பண்ணையை ஒருமுறை கட்டிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். என் வாக்கு இயந்திரத்துக்குத்தான்.

செர்ரிப்பூ

நானும் என் எட்டு வயது மகளும் சேர்ந்து ஆடுகிறோம், ஒரே வீட்டில் இரண்டு கணினி. எங்கள் தோப்பில் மரத்தைவிடப் பூ அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது. ஓக், பிர்ச், செர்ரிக் கன்றுகளுக்கு இரண்டு பிளாக் தூரத்துக்குள், அதே மட்டத்தில், ஒரு பூச்செடி இருந்தால் மரம் வளரும்போது தேன்கூட்டோடு வளர 5% வாய்ப்பு உண்டு. தேனீக்கள் வந்த 1.15 பதிப்பிலிருந்து இப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை இருபதுக்கும் மேல் பிர்ச் நட்டோம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டேன்டிலியன் பூ. அவள் ஒவ்வொரு மரமாகச் சுற்றிச் சுற்றி வந்து தண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மரத்தில், இலைக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில் அந்தப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. "அம்மா, இதை வெட்டக் கூடாது" என்று உடனே வேலி போட்டுவிட்டாள். இப்போது அந்த வேலிக்குள் மூன்று தேனீ இருக்கின்றன. அதன் அடியில் கேம்ப்ஃபயர் ஒன்று வைத்திருக்கிறோம், தேன் எடுக்கும்போது கொட்டாமல் இருக்க.

செர்ரியைக் கட்டைக்காக வளர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். கிளைகள் பக்கவாட்டில் போகும், வெட்டுவது நேரம் பிடிக்கும். ஆனால் 2023 ஜூனில் அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தரை முழுக்க அந்த இளஞ்சிவப்புப் பலகைதான்.

இறவாணத்தீவு

நெதர் என்ற நெருப்பு உலகத்தின் பக்கம் குடியிருப்பவர்களுக்கும் ஒரு வரி. அங்கே மரம் என்பது பூஞ்சைதான். கிரிம்சன் பூஞ்சையை கிரிம்சன் நைலியம் என்ற தரையின் மேலும், வார்ப்டை வார்ப்ட் நைலியத்தின் மேலும் வைத்துப் போன் மீல் போட வேண்டும், தானாக வளராது. அந்தக் கட்டை தீப்பிடிக்காது, @கரிமூட்டம் கவனிக்கவும். அதே காரணத்தால் உலைக்கு எரிபொருளாகவும் ஆகாது, கரியும் வராது. கொட்டகை கட்ட அதை வையுங்கள், எரிக்க பிர்ச்சை வையுங்கள்.

கூம்புக்காடு

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. வால்ஹைம் என்ற இன்னொரு ஆட்டத்தை ஆடியவர்கள் இங்கே இருக்கிறார்களா? அதில் மரம் நிஜமாகவே சாயும், பக்கத்து மரத்தில் மோதி அதையும் சாய்க்கும், சரிவில் உருண்டு வந்து ஆளையே கொல்லும். தூரைத் தனியாக வெட்ட வேண்டும். நடுவதற்கு வெண்கலம் சேர்த்து ஒரு கருவி செய்தால்தான் பீச் விதையையோ பைன் கூம்பையோ மண்ணில் வைக்க முடியும். அங்கே ஒரு மரம் வெட்டினால் வெட்டிய களைப்பே வரும். மைன்கிராஃப்டைச் செய்தது ஸ்டாக்ஹோமில், வால்ஹைமைச் செய்தது ஷொவ்டேயில், இரண்டுமே ஸ்வீடன். காட்டு நாட்டுக்காரர்கள் செய்த ஆட்டங்கள் என்பது மரத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

தோப்புக்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் 24 பிர்ச், நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு. இடைவெளி மூன்று பிளாக், தரையில் டார்ச். பக்கத்தில் நான்கு நான்காக இரண்டு ஸ்ப்ரூஸ். உலையும் பட்டறையும் அங்கேயே மாற்றிவிட்டேன், அதனால் நான் வேலை செய்யும் நேரமெல்லாம் மரத்துக்கும் நேரம் ஓடுகிறது. ஒரு சுற்று வெட்டினால் பிர்ச்சில் மட்டும் 140 கட்டைக்குக் குறைவதில்லை. @வெள்ளைத்தண்டு சொன்ன மாதிரி குழிக்குள் நின்று அண்ணாந்து வெட்டுகிறேன். ஏழாவது கட்டை எட்டுகிறது. முதல் தடவை எட்டியபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவில் இருக்கிறது.

குன்று விஷயம். மற்ற ஐந்து பேரிடமும் பேசினேன். யார் எந்த மரத்தைப் பாதியில் விட்டார்கள் என்ற பேச்சே எடுக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் வந்தார்கள். மண்ணை அடுக்கி ஏறி அந்தரத்தில் நின்ற கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். எண்ணினால் 37. கடைசிக் கட்டையை எடுத்ததும் கீழே வந்து உட்கார்ந்துவிட்டோம். முதலில் ஓரத்து இலைகள், அப்புறம் எங்கே பார்த்தாலும் சடசடவென்று. மூன்று மாதமாகப் பிடித்துவைத்திருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்தது. ஆப்பிள்கூட எட்டு கிடைத்தன. ஓக் கன்று 90-க்கு மேல்.

நட்டது 60. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆகாமல் இருக்க வரிசை பார்க்காமல் நட்டோம், பிர்ச் பத்துப் பன்னிரண்டை இடையில் கலந்தோம். மிஞ்சிய கன்றை வாசல் பெட்டியில் போட்டு, மேலே பலகை ஒன்று வைத்திருக்கிறோம்: "ஒன்று வெட்டினால் ஒன்று எடுத்து நடவும்." இதுவரை 52 மரம் வளர்ந்துவிட்டது. மிச்சம் எட்டுக்குப் போன் மீல் போட வேண்டாம், தானாக வரட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

குன்றின் தெற்குச் சரிவில் புல் காய்ந்த நிறமாக ஒரு துண்டு இருக்கிறது, சவான்னாவின் ஓரம். அங்கே இரண்டு அகேசியா நின்றால் பொருத்தமாக இருக்கும். எங்களிடம் அந்தக் கன்று இல்லை. நாடோடி வணிகர் கொண்டுவந்தால் ஐந்து மரகதம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று காத்திருக்கிறோம்; இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் செர்ரிதான் வைத்திருந்தார்.

ஊர்சுற்றி

என் உலகத்தில் அகேசியா எங்கே பார்த்தாலும் நிற்கிறது. சர்வரில் ஏழாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டால் நானே சவான்னாவைத் தேடிப் போய்க் கன்று கொண்டுவருகிறேன். குதிரை இருந்தால் போதும்.

தோப்புக்காரன்

தனிமடலில் முகவரி அனுப்பியிருக்கிறேன். குதிரை லாயத்தில் இருக்கிறது, சேணமும் அதன் மேலேயே.